ட்ரே அக்கா போட்ட மூன்று நாள் திட்டம்

விடுமுறைக்குக் கிளம்புகிற குடும்பங்கள் துணி எடுத்து வைக்கும், சார்ஜரை மறக்கும், பாதி வழியில் வீட்டைப் பூட்டினோமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும். அதுதான் உலக வழக்கம். ட்ரே அக்கா வீட்டில் அதெல்லாம் நடக்காது. தீம் பார்க்குக்கு மூன்று நாள் போய்வர அவள் போட்ட திட்டத்தைப் பார்த்தால் ஏதோ பட்டாளம் கிளம்புகிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். இத்தனைக்கும் போகிறவர்கள் ஐந்தே பேர். அவள், அவள் கணவர், பத்து வயது மகள், அப்பா, வெளிநாட்டிலிருந்து வருகிற தம்பி.

சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. எந்த வேளையில் யார் எந்த ரைடில், யார் கையில் எந்த டப்பா என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தாள். காலையில் அவித்த முட்டையும் ரொட்டியும். ரைடுக்கு முன்னால் யாருக்கும் பால் கிடையாது. மதியம் சோறு, அதிலும் அப்பாவுக்கு உப்புக் குறைத்துத் தனி டப்பா. சாயங்காலம் பழம். கணவர் ஒருநாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுக்கப் படித்துவிட்டு, இதில் ஒண்ணுக்குப் போக நேரம் ஒதுக்கியிருக்கிறாயா என்று கேட்டார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுவதும் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் வீட்டுக்கு வந்தால் எதையும் விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார். அவள் சிரிக்கவில்லை. விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். ஒதுக்கித்தான் இருந்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பிழைப்பு அப்படி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் அவள் மேற்பார்வையாளர். அடுப்பைத் தொடுகிற வேலை அவளுக்கு இல்லை. வெந்ததை அளந்து வைத்து, சர்க்கரைக்காரருக்கு ஒன்று, ஆபரேஷன் முடிந்தவருக்கு ஒன்று, மெல்ல முடியாதவருக்கு ஒன்று என்று ட்ரேக்களைப் பிரித்து, தள்ளுவண்டியில் ஏற்றி மாடிக்கு மாடி அனுப்புவது அவள் பொறுப்பு. நாள் பூராவும் வாயில் ட்ரே, ட்ரே என்ற ஒரே சொல். அந்தப் பெயரே அவளுக்கு ஒட்டிக்கொண்டது. அங்கே புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே அவள் ஒன்றைச் சொல்லிவிடுவாள். படுத்துக் கிடக்கிறவர் பசிக்கிறது என்று வாய்விட்டுக் கேட்கும்வரை விடக்கூடாது. அவர் கேட்டுவிட்டால் நாம் தாமதம் என்று அர்த்தம். போகிற தட்டைவிட வருகிற தட்டை நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதும் அவள் பாடம்தான். யார் தேறி வருகிறார், யார் தேறவில்லை என்பதைத் திரும்பி வந்த தட்டே சொல்லிவிடும் என்பாள். துடைத்தெடுத்த மாதிரி காலித் தட்டு வந்துவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க அவளுக்குக் காலில் வலியே தெரியாது.

வீட்டிலும் அப்பாவின் தட்டை அவள் அப்படித்தான் பார்த்தாள்.

அப்பா வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். நடந்தே ஆயுளை ஓட்டிய மனுஷர். அம்மா போன பிறகு தனியாக இருந்துகொள்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். போனில் கேட்டால் சாப்பிட்டேன் என்பார், குரலும் தெளிவாகத்தான் இருக்கும். ஒருநாள் மதியம் இவள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தபோது குளியலறை வாசலில் சுருண்டு கிடந்தார். சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தார். ஃப்ரிட்ஜில் ஒரு தண்ணீர் பாட்டிலும் காய்ந்துபோன அரை எலுமிச்சையும் தவிர ஒன்றும் கிடையாது. அன்றைக்குத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்தவள்தான், இரண்டு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்கிறாள்.

காலையில் தட்டு, நடுவில் ஒரு கிண்ணம், மதியம் தட்டு, அப்புறம் பழம், ராத்திரிக்கு மறுபடி தட்டு. அவள் வேலையில் இருந்தால் மேஜையில் மூடி வைத்துவிட்டுப் போவாள், அந்தந்த வேளைக்குப் போன் வரும். நீங்க எடுத்துச் சாப்பிடுங்கப்பா, ஆறிடும் என்பாள். ஆரம்பத்தில் அவர் ஓரிரு தரம் பசிக்கலம்மா என்று சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல்லை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எப்படிப் போட்டுக்கொள்வாள், கண்ணை மூடினால் அந்தக் குளியலறை வாசல் வந்து நின்றது. போகப் போக அவரும் சொல்வதை விட்டுவிட்டார். வேளாவேளைக்குத் தட்டு காலியாகத் திரும்பி வந்தது. முகத்தில் சதை பிடித்தது, டாக்டர் பாராட்டினார், அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

இந்த நிம்மதியில் கல்லைப் போட்டவன் தம்பி. இரண்டு விமானம் மாறிப் போக வேண்டிய தூரத்தில், கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் வெல்டராக இருக்கிறான். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிப் பேச்செடுத்தால் போனை வைத்துவிடுவான். மூன்று வருஷத்துக்குப் பிறகு வருகிறான், எல்லாரும் சேர்ந்து எங்காவது போகலாம் என்றுதான் இந்தத் தீம் பார்க் யோசனையே வந்தது. டிக்கெட் எல்லாம் எடுத்த பிறகு அவன் ஒருநாள் போனில் அக்கா, எனக்கு ஒண்ணு பண்ணு என்று ஆரம்பித்தான்.

"அந்த மூணு நாள்ல ஒரு மணி நேரம் அப்பாவோட நான் தனியா இருக்கணும். கொஞ்சம் பேச வேண்டியிருக்கு. உன் திட்டத்துல எங்கயாவது இடம் விட்டு வை."

என்னடா பேசணும் என்று கேட்டதற்கு, நேரில் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டான். போன வாரம்தான் அப்பா பால்கனியில் நின்று போனில் அங்கே குளிர் எப்படி, நடைபாதையெல்லாம் நன்றாக இருக்குமா என்று அவனிடம் விசாரித்துக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்திருந்தது. அன்றைக்கு அதை ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது இரண்டையும் முடிச்சுப் போட்டாள். இவன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான். அதற்காகத்தான் இத்தனை தூரம் வருகிறான்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாளைக் கிழித்துப் புதிதாக எழுதினாள், அதையும் கிழித்தாள். பார்க்கின் வரைபடத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, எங்கெல்லாம் சும்மா உட்கார பெஞ்ச் இருக்கிறது என்று தேடினாள். தம்பிக்கு இடம் கொடுக்க என்று நினைக்காதீர்கள், அந்த இடங்களில் யாரும் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான். தம்பி பேருக்கு நேரே உயரமான ரைடுகளையெல்லாம் எழுதினாள், துணைக்கு மகளைப் போட்டாள். அப்பாவுக்குப் படகும் குட்டி ரயிலும், பக்கத்தில் அவள். சாப்பாட்டு மேஜையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்றுகூட முடிவு பண்ணிவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஒருநாள் கஞ்சி போக வேண்டிய வார்டுக்கு வறுவலை ஏற்றிவிட்டாள். நல்லவேளை, தள்ளுவண்டிக்காரர் கவனித்துவிட்டு, என்னக்கா உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

கணவருக்கு விஷயம் புரியாமல் இல்லை. பேசிவிட்டுப் போகட்டுமே, உன் அப்பா என்ன பச்சைக் குழந்தையா என்றார். அவளுக்கு வந்ததே கோபம்.

"அவன் வீட்ல அடுப்பே பத்த வைக்க மாட்டான். ஃப்ரிட்ஜில இருந்தா சாப்பிடுவான், இல்லன்னா தண்ணியக் குடிச்சிட்டுப் படுப்பான். அங்க போனா மூணே மாசம். அப்புறம் யார் போய்த் தூக்கிட்டு வர்றது, நீங்களா?"

பெண்டாட்டி கண் கலங்கிவிட்டால் அவருக்கு வாய் அடைத்துவிடும்.

தம்பி வந்தான், மெலிந்துதான் இருந்தான், அதுவும் அவள் பயத்துக்கு வாகாகப் போயிற்று. பார்க்குக்குப் பக்கத்திலேயே சமையலுக்குச் சின்ன அடுப்பு வைத்த இரண்டு அறைகளை அவள் பார்த்து வைத்திருந்தாள். விடிந்ததும் டப்பாக்கள் நிறைந்தன, குளிர்ப்பெட்டியில் அடுக்கப்பட்டன. முதல் நாள் திட்டம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. தம்பி அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும், அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். எங்கிருந்தோ முளைத்து இருவருக்கும் நடுவில் ஒரு சாண்ட்விச்சை நீட்டுவாள். அவன் அப்பாவோடு நாலடி சேர்ந்து நடந்தால், மகளை விட்டுக் கூப்பிடச் சொல்வாள். மாமா, அந்த ரோலர் கோஸ்டர்ல கூட்டமே இல்ல, வாங்க என்று அந்தப் பொடிசு வந்து கையைப் பிடித்து இழுக்கும். அதற்கென்ன, மாமா கிடைத்த மகிழ்ச்சியில் தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டிருந்தது. நாலாவது தடவை இறங்கி வந்தபோது தம்பியின் முகம் வெளிறிப் போயிருந்தது. கணவர் அவள் காதருகில் குனிந்து, உன் தம்பி வாந்தி எடுக்க எந்தக் கட்டத்தில் இடம் விட்டிருக்கிறாய் என்று கேட்டார்.

அப்பா எதற்கும் மறுப்பே சொல்லவில்லை. ரயிலில் ஏறு என்றால் ஏறினார், தொப்பி போடு என்றால் போட்டார், டப்பாவைக் கையில் கொடுத்தால் மூடியைத் திறந்து சாப்பிட்டுக் காலி பண்ணி மூடிக் கொடுத்தார். காலி டப்பாவைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இன்னும் இரண்டு நாளை ஓட்டிவிட்டால் தம்பி ஊருக்குப் போய்விடுவான், போனில் இந்த மாதிரி விஷயமெல்லாம் பேசுகிறவன் இல்லை அவன் என்று கணக்குப் போட்டாள். ஆனாலும் சாப்பிடும்போது அப்பாவின் கண் ஓரிரு தடவை தம்பியின் பக்கம் போய் வந்ததைக் கவனிக்காமல் இல்லை.

இரண்டாம் நாள் மதியம்தான் வம்பு வந்தது. குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று நுழைவாயில் பக்கம் ஒரு லாக்கரில் வைத்திருந்தாள். தம்பியையும் மகளையும் தண்ணீர்ச் சறுக்கு ரைடின் வரிசையில் நிறுத்தினாள். அந்த வரிசை எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு நகராது. கணவரை மேஜை பிடிக்க அனுப்பினாள். அப்பாவை மரநிழலில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, இங்கேயே இருங்கப்பா, இதோ சாப்பாட்டை எடுத்துட்டு வந்துடறேன் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

போனால் லாக்கர் திறக்கவில்லை. எண்ணை அழுத்தினால் சிவப்பு விளக்கு, மறுபடி அழுத்தினால் மறுபடி சிவப்பு. உள்ளே சோறு, வெளியே இவள். உதவிக்கு வந்த பெண் இன்னொருவரைக் கூப்பிட்டாள், அந்த இன்னொருவர் சாவி இருக்கிற இடத்துக்கு நடந்தே போனார், அதுவும் பூங்காவில் உலாவுகிற மாதிரி நடந்தார். அவர் முதுகைப் பிடித்துத் தள்ளலாமா என்று இருந்தது அவளுக்கு. அப்பாவின் சாப்பாட்டு நேரம் தாண்டியது, மாத்திரை நேரமும் தாண்டியது. போன் பண்ணலாம் என்றால் அப்பாவின் போன் அவள் பையிலேயே இருந்தது, தொலைத்துவிடுவார் என்று அவள்தான் வாங்கி வைத்திருந்தாள். கதவு ஒருவழியாகத் திறந்ததும் டப்பாவை மாரோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

பெஞ்சில் அப்பா இல்லை.

பெஞ்சுக்குக் கீழே குனிந்து பார்த்தாள் என்றால் நம்புவீர்களா, பார்த்தாள். கழிப்பறை வாசலில் நின்று அப்பா, அப்பா என்று கூப்பிட்டாள். பலூன் விற்கிறவரிடம், நீலச் சட்டை, வெள்ளைத் தொப்பி, ஒல்லியாக இருப்பார் என்று அடையாளம் சொன்னாள், சொன்ன பிறகு அவர் இப்போது ஒல்லி இல்லையே என்று ஞாபகம் வந்தது. அவள் கண்ணில் எப்போதும் அந்த ஒல்லி மனுஷர்தான் இருந்தார். எங்கோ ஓரமாகச் சுருண்டு விழுந்து கிடப்பார், கூட்டம் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் என்ற நினைப்பே அவள் கண்ணை மறைத்தது.

தண்ணீர்ச் சறுக்கு பக்கம் ஓடினாள். வரிசையில் தம்பியும் இல்லை, மகளும் இல்லை. அவ்வளவுதான், பயம் போன இடம் தெரியவில்லை, அத்தனையும் கோபமாக மாறியது. கணவர் பிடித்து வைத்திருந்த மேஜையில் தம்பி காலை நீட்டி உட்கார்ந்திருந்தான், மகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது. ரைடு பழுதாகி எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதைக் கேட்கிற நிலையில் அவள் இல்லை.

"அப்பாவை எங்கடா கூட்டிட்டுப் போய் வச்சிருக்க?"

"நானா?" அவன் எழுந்து நின்றான். "நீ எங்க விட்ட என்னை? நேத்திலிருந்து அவர் நிழலைக்கூடத் தொட முடியல."

"நடிக்காத. நீ எதுக்கு வந்திருக்கன்னு எனக்குத் தெரியும். பிடுங்கிட்டுப் போகத்தானே வந்த. கொடுக்க மாட்டேன்டா. அவர் செத்துப் பிழைச்சது உனக்கென்ன தெரியும், பார்த்தியா நீ?"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு, தாத்தாவைப் பார்த்து வரலாம் வா என்று நகர்ந்தார். தம்பியின் குரல் இறங்கிவிட்டது.

"நான் கூப்பிடவே இல்லக்கா. அவர்தான் கேட்டார், உன்கூட வந்து இருக்கட்டுமான்னு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. எனக்குப் பயமாப் போச்சு. உன் வீட்ல ஏதாவது நடந்துச்சா, யாராவது ஏதாவது சொன்னாங்களான்னு நேர்ல கேக்கணும்னுதான் அந்த ஒரு மணி நேரம் கேட்டேன்."

அவள் டப்பாவை மேஜையில் வைத்தாள், மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். அவன் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. அப்பாவாகவா, அதுவும் மூன்று தடவையா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலா என்று வாய்க்குள்ளேயே முனகினாள். நேற்று மேஜையில் அப்பாவின் கண் தம்பி பக்கம் போய் வந்தது தனக்குப் பயந்துதான் என்று அப்போதுதான் உறைத்தது.

மகள்தான் தாத்தாவைக் கண்டுபிடித்தது. தூரத்திலிருந்தே கையை ஆட்டி அம்மாவைக் கூப்பிட்டது. உருளைக்கிழங்கு வறுவல் விற்கிற கடையின் முன்னால், கயிறு கட்டிப் பிரித்த நீள வரிசையின் நடுவில், முன்னும் பின்னும் முன்பின் தெரியாத ஆட்களோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். விழவில்லை, தொலையவில்லை. கழுத்தை நீட்டி முன்னால் எத்தனை பேர் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் அவளைத் தொட்டு, நீ போ என்று மட்டும் சொல்லிவிட்டு மகளோடு பின்தங்கிவிட்டார்.

அவள் கயிற்றோரம் போய் நின்றாள்.

"சாப்பாடு கொண்டாந்துட்டேன்ப்பா. வாங்க."

"இரும்மா. இன்னும் ஏழெட்டுப் பேர்தான்."

அவள் கயிற்றைத் தூக்கி உள்ளே நுழையப் பார்த்தாள். பின்னால் நின்ற ஆள் வரிசையில் வாங்க என்றார், அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார். வேறு வழியில்லாமல் வெளியிலேயே நின்றாள். வரிசை ஓரடி நகர்ந்தால் அவர் உள்ளே ஓரடி வைத்தார், அவள் வெளியே ஓரடி வைத்தாள்.

"அவன் சொல்லிட்டான்ப்பா. நீங்களாத்தான் கேட்டீங்களாமே."

அப்பா தொப்பியைக் கழற்றி முன்நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டுக்கொண்டார். ஆமாம்மா என்றார். அழக்கூடாது என்று எவ்வளவு இழுத்துப் பிடித்தும் அவள் குரல் உடைந்துவிட்டது.

"நான் என்னப்பா குறை வச்சேன்?"

"குறையா? ஒரு குறையும் இல்ல. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்." அவர் ஓரடி நகர்ந்தார். "எனக்குப் பசிச்சு ரெண்டு வருஷமாச்சும்மா. பசிக்கறதுக்குள்ள தட்டு வந்துடுது. நல்ல சாப்பாடுதான். அதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பேன். அப்புறம் சாப்பிட்டு வச்சிடுவேன். மிச்சம் வச்சா உன் மூஞ்சி வாடிப் போயிடும்."

"தட்டு காலியாத்தானேப்பா வந்துச்சு."

"வந்துச்சு," என்றார் அவர்.

அவளுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எத்தனை வார்டு, எத்தனை ஆயிரம் தட்டு. மீந்து வந்ததையெல்லாம் உற்று உற்றுப் பார்த்தவள், காலியாக வந்ததை ஒரு நாளும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. காலி என்றால் சந்தோஷம், அதற்கு மேல் அதில் பார்க்க என்ன இருக்கிறது என்றே இருந்துவிட்டாள். தன் மேல் வந்த கோபத்தை அவர் மேலேயே போட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னேனேம்மா. பசிக்கலன்னு."

சொன்னார்தான். ஆரம்பத்தில் ஓரிரு தரம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது யோசித்தால் அதற்கு மேலேயே சொல்லியிருப்பார் போலிருந்தது. அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கரண்டியோடு நின்றிருப்பாள், இன்னொரு கரண்டி போட்டிருப்பாள். கடைசியில் தனக்குத் தெரிந்த ஒன்றையே பிடித்துக்கொண்டாள்.

"அங்க போய் என்ன சாப்பிடுவீங்க? அவன் வீட்ல ஒண்ணுமே இருக்காது."

"இருக்காதாமே," என்றார் அப்பா. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது, அவள் ரொம்ப நாளாகப் பார்க்காத சிரிப்பு. "நானே நடந்து போய் வாங்கணுமாம். கடை கொஞ்சம் தூரமாம். பசிச்சா போவேன்."

"திரும்ப விழுந்துட்டீங்கன்னா?"

"விழுந்தாலும் விழுவேன். அதுக்கு நான் என்னம்மா சொல்றது?"

அவர் முறை வந்துவிட்டது. கவுண்டரில் இருந்த பையனிடம் பெரியதா சின்னதா என்று விசாரித்து, பெரியது என்றார், மேலே தூவ ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். உப்பைத் தூவச் சொன்னார். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். எப்பப் போறீங்க என்று கேட்டபோது அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பாப்பாவோட பரீட்சை முடியட்டும், முடிஞ்சதும் போறேன் என்றார், வறுவல் பெட்டியை வாங்கிக்கொண்டே. ஏற்கெனவே எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார்.

உட்காரக்கூட இல்லை. கடையோரம் ஒதுங்கி நின்று, சூடு பொறுக்காமல் விரலை ஊதிக்கொண்டு, ஒன்றை முழுங்குவதற்குள் இன்னொன்றை எடுத்தார். வாயோரம் ஒட்டியதை நாக்கால் தடவி எடுத்தார். இரண்டு வருஷமாக அவர் சாப்பிடுவதை அவள் தினமும் பார்த்திருக்கிறாள், இப்படிப் பார்த்ததில்லை. ஆசையாகச் சாப்பிடுகிற ஆளைப் பார்க்க அவளுக்கு எப்போதும் கொள்ளைச் சந்தோஷம். அந்தச் சந்தோஷமும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் சேர்ந்து வந்ததில் அவள் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா பெட்டியை அவள் பக்கம் நீட்டினார்.

"உனக்கு ஒண்ணு எடுத்துக்கறியா?"

"பசிக்கலப்பா," என்றாள்.

"சரிம்மா," என்று அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். இன்னொரு தரம் கேட்பார் என்று அவள் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றாள். அவர் கேட்கவில்லை.